பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் பறவைகள்

"லீவு விட்டா பீச்சு, இல்லேன்னா சினிமா. உங்களுக்கு வேற இடமே தெரியாதா?" என்று என் மாமியார் கேட்டதில்தான் இந்தப் பயணம் தொடங்கியது.

அவருக்குப் பிறந்த ஊர் மதுராந்தகம் பக்கத்தில் ஒரு கிராமம். வேடந்தாங்கல் அங்கிருந்து கூப்பிடு தூரம் மாதிரிதான். ஆனால் எழுபது வயது வரை அவர் வேடந்தாங்கலைப் பார்த்ததில்லை! "அந்தக் காலத்துல பொம்பளைப் பிள்ளையை யாரு கூட்டிக்கிட்டுப் போவா? எங்க வீட்டுக் கூரை மேல பறவைங்க வரிசையா போறதைப் பார்த்ததோட சரி" என்றார். அதைக் கேட்டபோது எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. பொங்கல் கழிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை போவதென்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டோம்.

விடிகாலை மூன்றரை மணிக்கு எழுந்து இட்லி வார்த்து, மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவி எடுத்துக்கொண்டேன். மத்தியானத்துக்கு எலுமிச்சம்பழச் சாதம், தயிர் சாதம், நார்த்தங்காய். பிளாஸ்க்கில் காபி. மாமியாரின் முழங்கால் வலிக்குத் தைலம். இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகன் தன் பங்குக்குத் தீபாவளியில் மிச்சமான கேப்புத் துப்பாக்கியை டிராயர் பாக்கெட்டில் திணித்துக்கொண்டிருக்கிறான். அது எனக்குத் தெரியாமல் போனதுதான் அன்றைய தினத்தின் பெரிய சம்பவத்துக்குக் காரணம்.

தாம்பரத்திலிருந்து கிளம்பும்போது மணி ஐந்து. செங்கல்பட்டில் கொளவாய் ஏரி பனிமூட்டத்துக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. பாலாற்றுப் பாலம் தாண்டி, படாளம் கூட்ரோட்டில் வலது பக்கம் திரும்பினோம். அங்கிருந்து இரண்டு பக்கமும் பச்சைப் பசேலென்று நெல் வயல். சென்னையிலிருந்து மொத்தம் 80 கிலோமீட்டர் இருக்கும். கதவு திறந்த சிறிது நேரத்திலேயே உள்ளே போய்விட்டோம்.

ஏரிக்குள் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி

வேடந்தாங்கல் என்றதும் பெரிய காடு, மலை என்று கற்பனை செய்துகொண்டு போகாதீர்கள். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் சாதாரண ஏரிதான் அது. சுமார் 74 ஏக்கர். தாங்கல் என்றாலே சிறிய ஏரி என்றுதான் அர்த்தம். ஒரு பக்கம் நீளமாகக் கரை. கரைமேல் நடந்துகொண்டே பார்க்கலாம். நடுவில் ஏறிப் பார்க்க ஒரு கோபுரம். ஏரித் தண்ணீருக்குள்ளேயே நீர்க்கடம்பு மரங்களும் கருவேல மரங்களும் குடை விரித்தாற்போல நிற்கின்றன.

முதலில் பார்த்தபோது மரமெல்லாம் வெள்ளைப் பூப் பூத்திருப்பதாகவே நினைத்தேன். ஒரு 'பூ' இறக்கை விரித்துப் பறந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அத்தனையும் பறவைகள்! ஒரே மரத்தில் மாடி வீடு மாதிரி மேலே நாரை, நடுவில் கொக்கு, கீழே வக்கா என்று குடித்தனம் நடக்கிறது. அடுக்கு மாடியில் குடியிருக்கும் நமக்குத் தண்ணீருக்கு ஒரு சண்டை, குப்பைக்கு ஒரு சண்டை. அங்கேயும் குச்சிக்குச் சண்டை உண்டு. பக்கத்துக் கூட்டுக் குச்சியை நைஸாக உருவிக்கொண்டு வந்து தன் கூட்டில் செருகிய ஒரு நாரையை நாங்களே பார்த்தோம்.

வாடகைக்கு எடுத்த பைனாகுலரைக் கையில் வாங்கியதும் மாமியார் குழந்தையாகிவிட்டார். அங்கிருந்த பலகையில் படம் பார்த்து நாங்கள் அடையாளம் கண்டுகொண்டவற்றைச் சொல்கிறேன்.

நத்தைகுத்தி நாரைதான் அங்கே பெரிய சம்சாரி. அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும். பாக்குவெட்டி மாதிரியான அந்த அலகால்தான் வயலில் இருக்கும் நத்தையை எடுத்து உள்ளே இருக்கும் சதையை உருவித் தின்கிறது. குஞ்சுகளுக்கு அந்தச் சந்து கிடையாது; வளர வளரத்தான் உண்டாகிறது. நாரைகளுக்கு நம் குயில் கிளி போலக் குரலும் கிடையாது. மேல் அலகையும் கீழ் அலகையும் 'டக டக'வென்று தட்டித்தான் புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்கின்றன. "நல்ல வேளை" என்றார் என்னவர். யாரை நினைத்துச் சொன்னாரோ!

கரண்டிவாயனுக்கு அலகின் நுனி நிஜமாகவே தோசைக் கரண்டி மாதிரி தட்டையாக இருக்கிறது. அரிவாள்மூக்கனுக்கு வளைந்த மூக்கு. பாம்புத்தாரா தண்ணீரில் உடம்பை மறைத்துக் கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டு நீந்துகிறது, பார்த்தால் பாம்பேதான். நீர்க்காகம் முங்கி மீன் பிடித்துவிட்டு, நாம் புடவை உலர்த்துகிற மாதிரி இறக்கையை விரித்து வெயிலில் காயவைக்கிறது. கூழைக்கடா தன் தாடைப் பையில் மீன் கொண்டு வருகிறது. குஞ்சு, அம்மாவின் வாய்க்குள்ளே தலையையே விட்டுச் சாப்பிடுவதைப் பார்க்கும்போது எங்கே விழுங்கிவிடுமோ என்று நமக்குத்தான் பயமாக இருக்கும்!

இந்தப் பறவைகள் எல்லாம் சைபீரியாவிலிருந்து வருவதாகத்தான் பலரும் சொல்லிக் கேட்டிருப்போம். அது முழுக்கச் சரியில்லை. ஊசிவால் வாத்து போன்ற சில வாத்துகள் வடக்கே வெகு தொலைவிலிருந்து குளிருக்குப் பயந்து வருபவைதான். ஆனால் அவை இங்கே கூடு கட்டுவதில்லை, விருந்தாளிகள். கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் நாரையும் கொக்கும் நம் நாட்டுப் பறவைகளே. மற்ற மாதங்களில் அங்கங்கே பிழைக்கப் போய்விட்டு, ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பியதும் இங்கே வந்து சேர்கின்றன. மார்கழி, தையில் முட்டையும் குஞ்சும். பங்குனி வாக்கில் பிள்ளைகளுக்கு இறக்கை முளைத்ததும் குடும்பத்தோடு புறப்பாடு.

"அப்படிச் சொல்லு. பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருக்குதுங்க" என்றார் மாமியார். அதைவிடப் பொருத்தமாக யாரும் சொல்ல முடியாது.

தாய்வீட்டில் என்ன பத்திரம் என்கிறீர்களா? மரம் தண்ணீருக்குள் நிற்பதால் பூனை, நரி எதுவும் கூட்டுக்குக் கிட்டே போக முடியாது. சுற்றிலும் வயலும் சிறு ஏரிகளும் இருப்பதால் நத்தைக்கும் மீனுக்கும் பஞ்சமில்லை. அப்பாவும் அம்மாவும் முறை வைத்து அடைகாக்கின்றன. வெயில் ஏறியதும் ஒரு நாரை இரண்டு இறக்கையையும் பந்தல் மாதிரி விரித்து, அசையாமல் அப்படியே நின்றது. அதன் காலடி நிழலில் பஞ்சு மாதிரி மூன்று குஞ்சுகள். எத்தனை நேரம் அப்படி நிற்குமோ! பிரசவமான வீட்டில் இரவெல்லாம் தூளி ஆட்டிய கைகளுக்கு அந்த வலி தெரியும்.

ஒரு வெடிச் சத்தம்

அப்போதுதான் அது நடந்தது.

'பட்'டென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் என் பிள்ளையின் கையில் துப்பாக்கி. சின்னச் சத்தம்தான், நம் தெருவில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். ஆனால் கரைக்குக் கிட்டே இருந்த இரண்டு மரங்களும் ஒரே வீச்சில் காலியாகிவிட்டன. நூறு இறக்கைகள் ஒன்றாக அடித்துக்கொள்ளும் ஓசை அடிவயிற்றைக் கலக்கியது. மேலே வட்டம் வட்டமாகச் சுற்றினவே தவிர, பறவைகள் இறங்கவில்லை.

அந்த இடைவெளிக்காகவே காத்திருந்த மாதிரி எங்கிருந்தோ ஒரு காக்கை வந்து ஒரு கூட்டின் விளிம்பில் உட்கார்ந்தது. என்னவர் பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசாமல் அதைப் பிள்ளையிடம் கொடுத்தார். அவன் பார்த்தான்.

"அப்பா... காக்கா முட்டையைக் குத்துதுப்பா."

அதற்குமேல் அவனால் பேச முடியவில்லை. எனக்கும் அவனை அடிக்கக் கை எழவில்லை. இரண்டு மூன்று நிமிஷத்தில் பறவைகள் திரும்பி வந்து காக்கையை விரட்டிவிட்டன. ஆனால் அந்தக் கூட்டுக்கு வந்த பறவை உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருந்தது. உள்ளே எத்தனை முட்டை இருந்தது, எத்தனை மிஞ்சியது என்று கரையிலிருந்து யார் கண்டார்கள்?

கரையில் சருகு பெருக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு வந்தார். நன்றாகத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பையன் முன்னால் குந்தி உட்கார்ந்துகொண்டார்.

"தம்பி, இங்க வெடி சத்தம் ஆவாதுப்பா. எங்க ஊட்டுப் புள்ளைங்க தீபாவளிக்கே வெடிக்கறதில்ல, தெரியுமா?"

"தீபாவளிக்குமா?" என்றான் அழுகைக்கு நடுவே.

"ஆமா கண்ணு. அப்பதான் அதுங்க வர ஆரம்பிக்கும். வரச்சொல்லவே வெடி வெச்சா, இந்த ஊரு வாணாம்னு போயிடாதா? புள்ள பெத்த ஊட்டாண்ட போயி யாராச்சும் வெடி வெப்பாங்களா, நீயே சொல்லு."

நான் மெதுவாகக் கேட்டேன்: "பிள்ளைங்களுக்கு ஆசையா இருக்காதாம்மா?"

"ஏன் இருக்காது? எனக்கும்தான் இருந்துச்சு. எங்கம்மா வுடல. நானும் என் புள்ளைங்கள வுடல. மத்தாப்பு கொளுத்திக்கும்ங்க. அதுக்குச் சத்தம் இல்ல பாரு."

பையன் துப்பாக்கியையும் கேப்புச் சுருளையும் தானாகவே அவர் கையில் கொடுத்துவிட்டான். அவர் சிரித்துக்கொண்டே துப்பாக்கியை மட்டும் திருப்பிக் கொடுத்தார். "இது வெறும் பொம்மைதான், வெச்சுக்கோ" என்றார்.

வாக்குக் கொடுத்த ஊர்

அந்த அம்மாள் சொன்னது இன்று நேற்று வந்த வழக்கமில்லை. வேடன் தங்கிய இடம் என்பதால் வேடந்தாங்கல் என்று ஊருக்குப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். வேடன் பெயரைச் சுமக்கும் ஊரே பறவைக்குக் காவல் நிற்பது வேடிக்கைதான்!

கும்பினிக்காரர்கள் ஆண்ட 1790-களில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டிருக்கிறார்கள். ஊர் ஜனங்கள் அப்போதைய கலெக்டர் லயோனல் பிளேஸ் துரையிடம் போய் முறையிட்டு, யாரும் இங்கே பறவைகளைச் சுடக்கூடாது என்று 'கௌல்' என்கிற உத்தரவை எழுதி வாங்கிக்கொண்டார்கள். 1858-ல் அதை மறுபடியும் உறுதி செய்து வாங்கினார்கள். 1936-ல்தான் அரசாங்கம் இதைச் சரணாலயமாக ஏற்றது. 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்று 'ராம்சர்' பட்டியலிலும் இடம் கிடைத்தது. அரசாங்கச் சட்டத்துக்கு நூறு வருஷத்துக்கும் முன்னாலேயே கிராமத்துச் சட்டம் வந்துவிட்டது, பாருங்கள்!

இதில் ஊருக்கும் லாபம் உண்டு. பறவைகளின் எச்சம் ஏரித் தண்ணீரில் கலந்து, அந்தத் தண்ணீரே உரமாக வயலுக்குப் பாய்கிறது. நாற்றைக் கடிக்கும் நத்தையையும் பறவைகள் தின்று தீர்க்கின்றன. தாய்வீட்டுக்கு வந்த பெண் சும்மா இருப்பாளா? கூடமாட ஒத்தாசை செய்துவிட்டுத்தானே போவாள்!

ஏரியை மட்டும் காத்தால் போதாது என்பதையும் சொல்லவேண்டும். பறவைகள் இரை தேடுவது சுற்றியுள்ள வயல்களிலும் ஏரிகளிலும்தான். அதனால்தான் 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயமாக அறிவித்தார்கள். 2020-ல் இந்த எல்லையைச் சுருக்கும் யோசனை வந்தபோது பலத்த எதிர்ப்புக் கிளம்பியது. பிரசவ அறையை மட்டும் விட்டுவைத்து, சமையல் அறையை இடித்தால் பிள்ளை பெற்றவள் எதைச் சாப்பிடுவாள்?

குடத்துக்குள் ஓலை

பத்தரை மணிக்கு வெயில் ஏறிவிட்டது. கரைக்கு வெளியே மர நிழலில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, உத்திரமேரூருக்குக் கிளம்பினோம். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கி.பி. 919, 921-ஆம் வருஷங்களைச் சேர்ந்தவை. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் அந்த ஊர் சபைக்குத் தேர்தல் நடத்திய விதம் சுவர் முழுக்க வெட்டப்பட்டிருக்கிறது.

தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதி, ஒரு குடத்தில் போட்டுக் குலுக்கி, விவரம் அறியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்களாம். கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் சொந்தக்காரர்களுக்கும் இடமே கிடையாது! அப்படித் தேர்ந்தெடுத்த குழுக்களில் ஒன்றின் பெயர் ஏரி வாரியம். ஆறு பேர். ஏரியைப் பராமரிப்பதே அவர்கள் வேலை.

"ஏரிக்குன்னு தனியா ஆளா?" என்று பையன் ஆச்சரியப்பட்டான்.

"அந்த ஆறு பேர்ல பொம்பளைங்க உண்டா?" என்று கேட்டார் மாமியார்.

"வேதம் படிச்சவங்களாத்தான் இருக்கணும்னு விதிம்மா. அப்புறம் எங்கே?" என்றார் என்னவர்.

மாமியார் சுவரை ஒரு தடவை தடவிப் பார்த்தார். "போகட்டும். காலையில பார்த்தோமே, அந்தப் பெருக்குற அம்மா. அவ பேரை எந்த ஓலையில எழுதினாங்க? அவளும்தான் ஏரியைக் காக்குறா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பிள்ளையின் தீபாவளி ஆசையைச் சமாளித்து மத்தாப்போடு நிறுத்துகிறவள் தாய்தானே? அது கல்லில் வெட்டாத வாரியம்!

ஏரி காத்த ராமர்

சாயங்காலம் நடை திறக்கும் நேரத்துக்கு மதுராந்தகம் வந்துவிட்டோம். பெரிய ஏரி, அதன் பக்கத்தில் கோதண்டராமர் கோயில். ராமானுஜருக்குப் பெரிய நம்பி பஞ்ச சம்ஸ்காரம் செய்வித்த தலம். ஆனால் ஊரில் 'ஏரி காத்த ராமர்' என்றுதான் பெயர்.

மழைக்காலத்தில் அடிக்கடி உடையும் ஏரி அது. பெருமழை கொட்டிய ஓர் இரவில், கரை என்ன ஆயிற்றோ என்று பார்க்கப் போன கலெக்டர் துரைக்கு, கையில் வில்லேந்திய இரண்டு வாலிபர்கள் கரைமேல் காவல் நிற்பது தெரிந்ததாம். அந்த வருஷம் கரை உடையவில்லை. நன்றிக்காகத் தாயார் சன்னதியைக் கட்டிக் கொடுத்தார் என்கிறார்கள். கோயிலில் அவர் பெயர் பொறித்த கல்வெட்டும் உண்டு. அந்த துரை யார் தெரியுமா? வேடந்தாங்கல் ஜனங்களுக்குக் கௌல் எழுதிக் கொடுத்த அதே லயோனல் பிளேஸ்!

மாமியார் சிறு பெண்ணாக வந்து கும்பிட்ட சன்னதி அது. வெகு நேரம் கண்ணை மூடி நின்றார். வெளியே வந்தபோது கூட்டம் கூட்டமாகப் பறவைகள் வடமேற்கே போய்க்கொண்டிருந்தன. "இப்பத்தான் இதுங்க எங்கே போகுதுன்னு தெரியுது" என்றார். சின்ன வயதில் கூரை மேல் பார்த்த வரிசைக்கு எழுபது வயதில் விலாசம் கிடைத்துவிட்டது.

நீங்கள் போகும்போது

மழை நன்றாகப் பெய்த வருஷமாகப் பார்த்து டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். மழை பொய்த்தால் பறவைகளும் வருவதில்லை. விசாரித்துக்கொண்டு கிளம்புவது நல்லது. விடிகாலை அல்லது மாலை நாலு மணிக்குமேல் பார்க்க அழகு. ரயிலில் போகிறவர்கள் செங்கல்பட்டில் இறங்கிப் பஸ் பிடிக்கலாம். குழந்தைகளுக்குத் தொப்பி, குடிநீர், ஒரு மாற்றுத் துணி அவசியம். கைக்குழந்தை இருந்தால் கரையில் நிழலான பெஞ்சாகப் பார்த்து உட்கார்ந்துகொள்ளுங்கள். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சளைத் தவிர்த்துப் பச்சை, பழுப்பு நிறத்தில் உடுத்தலாம். சாப்பாட்டை எவர்சில்வர் தூக்கில் கொண்டு போய், இலையையும் பையையும் திரும்ப வீட்டுக்கே எடுத்து வந்துவிடுங்கள். முக்கியமாக, கிளம்பும் முன் பிள்ளைகளின் பாக்கெட்டைச் சோதித்துவிடுங்கள்!

இதெல்லாம் போன தை மாதம் நடந்தது. இந்தத் தீபாவளிக்கு என் பிள்ளை வழக்கம்போல லட்சுமி வெடி கேட்டான். அவரும் வாங்கிக் கொடுத்தார். விடிந்ததும் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, வெடியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினவன், கேட்டருகே நின்றுவிட்டான். பிறகு தெருக்கோடி மைதானத்தை நோக்கி நடந்தான்.

"ஏண்டா, வாசல்ல வெடிக்கலையா?" என்றேன்.

எதிர் வீட்டு ஜன்னலைக் காட்டினான். அங்கே பிரசவத்துக்கு வந்திருக்கும் பெண்ணுக்குக் குழந்தை பிறந்து இருபது நாள்.

"பிள்ளை பெத்த வீடும்மா" என்றான்.